யானை போன தடத்தில் ஒரு குட்டியானை

ஞாயிறு, நவம்பர் 18, 2018. மதுரை

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆலய வாசலில் அரிசிச் சிப்பங்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலுக்காக வந்த அரிசி அது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடப்பதை இரண்டு நாளாகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு லாரி அனுப்புவது என்று ஆயர் ஐயா பிரசங்கத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார்.

அறிவிப்பு முடிந்ததும் எங்கள் ஆலயத்தில் மணி அடித்து, பெருக்கி, பாய் விரிக்கும் தம்பி எழுந்து நின்றான். அவன் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. "ஐயா, எங்கள் மலையிலும் அடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மாவுடன் பேச முடியவில்லை" என்றான். பின் வரிசையில் ஒருவர், "மலையில் ஏதப்பா புயல்?" என்று கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. கரையேறிய புயல் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. மேற்கே நடந்து, வலுக் குறைந்தாலும் நடையை நிறுத்தாமல், திண்டுக்கல் வழியாகப் பழனி மலையில் ஏறித்தான் கேரளத்துக்குப் போயிருக்கிறது. கொடைக்கானல் பாதையில் மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்ற செய்தி நாளிதழில் உள்பக்கத்தில் இருந்தது. டெல்டாவின் படங்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்.

தம்பியின் ஊர் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில். இன்றைக்கு அது திண்டுக்கல் மாவட்டம். 1985 வரை எல்லாம் ஒரே மதுரை மாவட்டம்தான். எங்கள் சபைக்கு அந்த மலையோடு உறவு அதற்கும் பழையது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் இங்கே காய்ச்சலுக்கும் பேதிக்கும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டு கோடைக்கு மேலே ஏறினார்கள். நமக்கு உடம்புக்கு முடியாதபோது மலை வேண்டியிருந்தது. மலைக்கு முடியாதபோது நாம் சிரிக்கிறோம். இதை நான் கமிட்டியில் சொன்னபோது கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு தெரிந்தது. முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை.

முடிவு: லாரி டெல்டாவுக்கு. ஒரு சிறு வண்டி மலைக்கு. மலை வண்டியோடு போகப்போவது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் நான். சத்தம் போட்டதற்கான தண்டனை. இன்றைய விசேஷக் காணிக்கையில் மலைக்கு ஒதுக்கியது ரூ.41,350.

திங்கள், நவம்பர் 19. மதுரை

கீழமாசி வீதியில் பருப்பு, எண்ணெய். பலசரக்குக்குப் பஞ்சமில்லை. தார்ப்பாய்க்குத்தான் அலைய வேண்டியிருந்தது. ஊரில் உள்ள தார்ப்பாயெல்லாம் இரண்டே நாளில் கிழக்கே போய்விட்டது. நான்காவது கடையில் முப்பது கிடைத்தது, ஒன்று 450 ரூபாய். கடைக்காரர் கயிறு கோக்கும் ஓரத்துக் கண்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டி, "இது பிய்யாது அம்மா, துணியே கிழிந்தாலும் இது பிய்யாது" என்றார். துணி கிழிந்த பிறகு கண் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, எல்லாம் சேர்ந்து 2,600.

பிற்பகல் முழுக்கப் பிடி அரிசியோடு போராட்டம். அறியாதவர்களுக்காக: எங்கள் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவோம். மாதம் ஒருமுறை ஆலயத்துக்கு வரும். காசு காணிக்கை போட முடியாத பெண்களுக்கும் ஒரு காணிக்கை வேண்டும் என்று யாரோ யோசித்து ஏற்படுத்திய வழக்கம். அருமையான ஏற்பாடு, சமைக்கிறவரைக்கும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பழைய அரிசி, நேற்று வாங்கிய புது அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். நிவாரணத்துக்கு இதை அனுப்பலாமா என்று எங்களுக்குள் ஒரு மணி நேரம் விவாதம். கஞ்சிக்கு ஆகும் என்று தனிச் சாக்கில் கட்டினோம்.

பழைய துணி மூட்டைகள் ஏழு வந்தன. ஒன்றைப் பிரித்தேன். மேலே இருந்தது பட்டன் இல்லாத கோட்டு. ஏழையும் திருப்பி அனுப்பினேன். இரண்டு குடும்பங்கள் என்னோடு பேசவில்லை.

செவ்வாய், நவம்பர் 20. மதுரை

வண்டி கிடைக்கவில்லை. சும்மா இருந்த நாள். மாலையில் கமிட்டியில் ஒருவர் பட்டியலை இரண்டாகக் கொண்டுவரச் சொன்னார். சபையார் தனி, மற்றவர் தனி. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புதன், நவம்பர் 21. மலைக்கு

கஜா என்றால் யானை. அந்தப் பெயரைக் கொடுத்தது இலங்கை. அந்த யானையின் பின்னால் நாங்கள் போனது ஒரு குட்டியானையில். இந்தச் சின்ன சரக்கு வண்டிக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஓட்டுநர் செல்லூர்ப் பையன். முன்னால் அவனும் நானும். பின்னால் அரிசி மூட்டைமேல் ஆலயத் தம்பியும், வாலிபர் சங்கத்துப் பையன்கள் இருவரும். வாடகை 4,500, நாங்கள் இறங்கும்வரை மேலேயே நிற்பதாகப் பேச்சு.

வாடிப்பட்டி வரை நான்கு வழிச்சாலை. நிலக்கோட்டையில் பூ மணம் வண்டிக்குள் வந்து போனது. வத்தலக்குண்டில் தேநீர். அங்கிருந்து கொடைக்கானல் பெரிய பாதையை விட்டுச் சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறினோம். அடிவாரம் பசுமையாகக் குளித்து நின்றது. தம்பி பயந்து சொன்னானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது.

பெரும்பாறைக்கு மேலே சந்தேகம் போயிற்று. வளைவுக்கு வளைவு அறுபட்ட மரத் துண்டுகள். நடுவில் வண்டி போகும் அளவுக்கு மட்டும் அறுத்து எடுத்துவிட்டு இரு முனைகளையும் அப்படியே விட்டிருந்தார்கள். வேரோடு சாய்ந்த சில்வர் ஓக் மரங்கள் காப்பிச் செடிகளின் மேல் கிடந்தன. சமவெளிக்காரர்களுக்கு இது புரிய நேரமாகும். இங்கே காப்பி, மரநிழலில் வளர்வது. நிழல் மரம் விழுந்தால் செடியை நசுக்கிக்கொண்டுதான் விழும். தப்பிய செடிக்கும் தலைக்குமேல் குடை போய்விட்டது. புதிதாக நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம். மரங்களில் ஏற்றியிருந்த மிளகுக் கொடி மரத்தோடு போயிற்று. சவ்சவ் பந்தல்கள் கயிறு அறுந்த தொட்டில்போலத் தொங்கின. மலைவாழையில் நிற்கிற மரத்தைத்தான் எண்ண வேண்டும்.

தடியன்குடிசையைத் தாண்டியபோது ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கினான். "எங்கள் மாமா பட்டுக்கோட்டையில் இருக்கிறார் அம்மா. அங்கே இப்படி என்றால் நம்புவேன். இங்கே எப்படி?" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வானிலை ஆராய்ச்சி தெரியாது. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டது அது. மங்களம்கொம்புக்கு அப்பால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. தம்பியின் அம்மா பாதையிலேயே நின்றிருந்தார். மகனைப் பார்த்ததும் திட்டினார். "மணி அடிக்கிற வேலையை விட்டுவிட்டு எதற்கு வந்தாய்?" என்று. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

வியாழன், நவம்பர் 22. மலையில்

மின்சாரம் இல்லை. இங்கே நான்கைந்து மின்கம்பங்கள் சாய்ந்திருக்கின்றன. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல். மாநிலம் முழுவதிலுமிருந்து மின் ஊழியர்கள் அங்கே போயிருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

இரவு தங்கியது சிற்றாலயத்தில். கல் சுவர், தகரக் கூரை. வெள்ளிக்கிழமை ஊரே இங்கேதான் இருந்திருக்கிறது. சபை ஊழியர் உபதேசியார், அறுபது வயது, காப்பிக் காட்டில் கூலி வேலையும் பார்ப்பவர். அவர் சொல்லக் கேட்டது இது. காலை பத்து மணிக்குமேல் காற்று ஓடையிலிருந்து மேல் நோக்கி அடிக்க ஆரம்பித்தது. முதலில் வாழை. பிறகு மாட்டுக் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் மோதியது. அந்தச் சத்தம் கேட்டதும் இவர் மணியை அடித்திருக்கிறார். மணி அடித்தால் வாருங்கள் என்று யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டார்கள். முருகன் கோயில் பூசாரி, கைக்குழந்தையோடு ஒரு பெண், இரண்டு ஆடுகள். மொத்தம் நாற்பத்தாறு வீடு. பகலில் கூரையின் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. ஆண்கள் கயிற்றைப் போட்டு அதை உள்ளேயிருந்து மாறி மாறி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தக் கயிறு இன்னும் ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடக்கிறது. என் கையால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"அன்று இரவு சாப்பாடு?" என்றேன்.

"பிடி அரிசி டப்பா இருந்ததே டீச்சரம்மா" என்றார். மூன்று மாதத்துப் பிடி அரிசி, விற்காமல் வைத்திருந்தது. மொத்தத்தையும் ஒரே அண்டாவில் போட்டுக் கஞ்சி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமையும் அதேதான். நாங்கள் மதுரையில் ஆலயத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பா காலி.

பட்டியல் கேட்டேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தொட்டி வீட்டில் தொடங்கி ஓடை வீட்டில் முடிகிறது, நடந்து போகிற வரிசையில். எத்தனை பேர், எந்தக் கூரை, யாருக்கு ரேஷன் கார்டு நனைந்தது. சபையார் யார், மற்றவர் யார் என்று பிரித்துத் தர முடியுமா என்று, கமிட்டிக்குக் கொடுக்காத வாக்கைக் காப்பாற்றுவதற்காகக் கேட்டு வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பிரித்தால் நடக்கிறபோது முன்னும் பின்னும் அலைய வேண்டும், நேரம் ஆகும்" என்றார். அவருக்கு அது தூரக் கணக்காகவே பட்டது. நான் நோட்டை அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு எட்டுக் கிலோ. தார்ப்பாய் முப்பதும் கூரை போன முப்பது வீட்டுக்கு. இரண்டு வீட்டுக்குக் குறைந்தது. அந்த இரண்டில் ஒன்று உபதேசியாருடையது. வாலிபர் சங்கத்துப் பையன்கள் புகைப்படம் எடுக்கக் கைபேசியை எடுத்தார்கள். ஒரு பாட்டி உடனே தலையை வாரி முடிந்துகொண்டு நேராக நின்றார். எடுக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த நான் சும்மா இருந்துவிட்டேன். அவருக்குப் படம் வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. அரிசியை வாங்கிய பெண்களில் பலர் அந்த இடத்திலேயே பையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து, ஆலயக் கதவருகே இருந்த காலி டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள். பூசாரியின் மனைவியும் போட்டார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. முக்கால் மணி நேரம் தலையில் சுமந்து வந்த அரிசி, திரும்பவும் டப்பாவுக்குள் போகிறதே! "இது உங்களுக்கு அம்மா, காணிக்கைக்கு இல்லை" என்று ஒருவரிடம் சொல்லியும் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்னும் மழை இருக்கிறதே" என்றார்.

மாலையில் நடந்த பேச்சு வேறு வகை. அரிசி போதும் என்றார்கள். கூலி இல்லை என்பதுதான் விஷயம். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம். வருடத்தின் வரும்படி இந்தச் சில மாதங்களில்தான். இப்போது பழம் சேற்றில் கிடக்கிறது. அரசு தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை அறுத்து அகற்ற 500 ரூபாயுமாக 1,100 அறிவித்திருக்கிறது. மரத்துக்கு ஒரு விலை சொல்லிவிட்டார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அது மரத்துக்குச் சொந்தக்காரருக்குப் போகும் பணம். மரத்தடியில் கூடை கட்டிக்கொண்டு பறிப்பவர் எந்தப் படிவத்திலும் வருவதில்லை, கடற்கரையிலும் சரி, மலையிலும் சரி.

உபதேசியார் கேட்டது ஒன்றே ஒன்று. "பாதையில் விழுந்த மரத்தை நாங்களே எடுக்கிறோம். அதற்குக் கூலி கொடுக்க முடியுமா?"

கையில் மீதி இருந்தது 20,750. காணிக்கைப் பணத்தைக் கூலியாகக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்து போய் எங்கள் பொருளாளரை அழைத்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரசீது இல்லாமல் அவரிடம் ஒரு மெழுகுவத்தி கூடப் பெற முடியாது. நெடுநேரம் பேசாமல் இருந்தார். இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தபோது குரல் வந்தது: "தலைக்கு ஒரு வவுச்சர். கைநாட்டானாலும் சரி, தெளிவாக இருக்கட்டும்."

வெள்ளி, நவம்பர் 23. மலையில்

நேற்று மாலையே தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று ஆசைப்பட்டால் பணம் போதாது. கூரையும் வேலையும் இரண்டும் போன வீடுகளாக இருபத்து நான்கு பேர். நேற்று மாலையும் இன்று காலையும் ஒரு நாள், பிற்பகலிலிருந்து நாளை மதியம் வரை ஒரு நாள். நாளுக்கு 400. இந்தக் கணக்கைப் போட்டதும் அவர்களே.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சொன்னதும் ஒரு முணுமுணுப்பு. மலையில் பெண் கூலி குறைவு. "மரம் அறுக்கிறவனும் சுள்ளி பொறுக்குகிறவளும் ஒன்றா?" என்றார் ஒருவர். சுள்ளி பொறுக்குகிறவள் அவர் மனைவி. அவரே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மரம் அறுக்கும் மெஷின் ஒன்று எஸ்டேட்டிலிருந்து இரவல். பத்து மணிக்குள் அதன் சங்கிலி அறுந்தது. ஓட்டுநர் தம்பி யாரும் சொல்லாமலே வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் 1,150 ரூபாய்க்குப் புதுச் சங்கிலியும், பல் தீட்ட ஒரு உருண்டை அரமும் வாங்கி வந்தான். பழைய சங்கிலி அறுந்ததல்ல, தீட்டாமல் தேய்ந்து போனது என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தான். அவன் அப்பா மரக்கடை வைத்திருக்கிறாராம். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் கேட்டிருக்கவில்லை.

இன்று திருக்கார்த்திகை. மின்சாரம் இல்லாத ஊரில் இருட்டியதும் விளக்கு ஏற்றினார்கள். அகல் கொஞ்சம்தான் இருந்தது. மீதிக்கு மதுரையிலிருந்து கொண்டுபோன எங்கள் மெழுகுவத்தி. தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசிரியை புத்தி.

சனி, நவம்பர் 24. இறக்கம்

மதியம் பாதை திறந்தது. முக்கால் மணி நேர நடைக்குப் பதில் வண்டி ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்துக்கு வந்து நின்றது. இருபத்து நான்கு பேரும் வந்து வரிசையில் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு கைநாட்டு. காப்பிப் பழக் கறையும் மரப்பாலும் ஏறிய விரல்களுக்கு மை தனியாகத் தேவைப்படவில்லை. தம்பி எங்களோடு இறங்கவில்லை. நாளைக்கு ஆலயத்தில் மணி யார் அடிப்பது என்று கேட்டேன். "நீங்கள் அடியுங்கள் டீச்சர்" என்றான்.

ஞாயிறு, நவம்பர் 25. மதுரை

அடித்தேன். கயிறு நான் நினைத்ததைவிடக் கனம்.

ஆராதனைக்குப் பின் கணக்கு. பொருளாளர் வவுச்சர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வண்டி, தார்ப்பாய், மெழுகுவத்தி வகை 20,600. கூலி 19,200. சங்கிலியும் அரமும் 1,150. மீதி 400. அதையும் மேசைமேல் வைத்தேன். இரண்டு பட்டியல் கேட்டவர் எட்டிப் பார்த்தார். தொட்டி வீட்டிலிருந்து ஓடை வீடு வரை ஒரு விரலை ஓட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

பொருளாளருக்குச் சிக்கல் சங்கிலியில்தான் வந்தது. "இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? உணவா, உடையா, மருத்துவமா?" அவருடைய பேரேட்டில் அந்த மூன்று கட்டம்தான் அச்சடித்திருக்கிறது. பேனாவை மூடிவிட்டு யோசித்தார். டெல்டா லாரியோடு போய்வந்தவர்கள் பின்னால் கணக்கோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் மரம் அறுத்த ரசீது இரண்டு இருந்தது. கடைசியில் அடிக்கோலை எடுத்து மருத்துவத்துக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கோடு போட ஆரம்பித்தார்.